தடுப்பரணுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம்? டெலாக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ ஓவியத்தை ஆராயும் முறை

புரட்சி ஓவியம் ஒன்றை ஆராயச் சொன்னால் நிறையப் பேர் நேராக வரலாற்றுக்குள் இறங்கிவிடுகிறார்கள். அரசன் யார், எந்த ஆண்டு, ஏன் சண்டை என்று இரண்டு பக்கம் ஓடி, கடைசிப் பத்தியில்தான் ஓவியம் தலைகாட்டுகிறது. அப்படி எழுதினால் ஓவியம் வரலாற்றுப் பாடத்துக்கு ஒட்டிவைத்த படமாகச் சுருங்கிவிடும். இங்கே சொல்லப்போகும் முறை அதற்கு நேர்மாறானது. முதலில் கண், பிறகு பென்சில், அதற்குப் பிறகுதான் வரலாறு.

எடுத்துக்கொள்ளும் ஓவியத்துக்கு ஓர் அடையாளக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். யூஜின் டெலாக்ருவா (1798–1863), ‘ஜூலை 28: மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’, 1830, கான்வாஸில் எண்ணெய் வண்ணம், உயரம் 260 செ.மீ., அகலம் 325 செ.மீ., லூவர் அருங்காட்சியகம், பாரிஸ். தலைப்பிலுள்ள தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ‘சுதந்திரம்’ என்ற காலம் கடந்த சொல்லும், பாரிஸ் மக்கள் அரசனின் படையோடு தெருவில் மோதிய ‘ஜூலை 28’ என்ற ஒரே ஒரு நாளும் தலைப்பிலேயே மோதுகின்றன. ஓவியம் முழுக்க நடப்பதும் அந்த மோதல்தான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். இந்த ஓவியத்தை ரொமாண்டிசிசம் என்ற போக்கில் சேர்ப்பார்கள்; அந்தச் சொல்லுக்கும் காதலுக்கும் இங்கே தொடர்பில்லை. அளந்து வைத்த ஒழுங்கைவிட உணர்ச்சியின் வேகத்தையும், பழங்கால வீரர்களைவிடச் சமகாலத்தின் கொந்தளிப்பையும், துல்லியமான கோட்டைவிட வண்ணத்தையும் நம்பிய ஓவியர்களின் போக்கு அது.

எந்தப் படத்தைப் பார்க்கிறீர்கள்?

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பிரதிகள் பழைய புகைப்படங்கள். 2023 இலையுதிர்காலத்தில் லூவர் இந்த ஓவியத்தை இறக்கிச் சுத்தம்செய்யத் தொடங்கி, 2024 மே மாதம் மீண்டும் தொங்கவிட்டது. எட்டு அடுக்கு வார்னிஷ் மஞ்சளேறிக் கிடந்தது. அதை அகற்றிய பிறகு நீலமும் வெள்ளையும் பளிச்சென்று வெளிவந்தன. சுதந்திரப் பெண்ணின் உடை முழு மஞ்சள் என்று காலங்காலமாக எழுதப்பட்டுவந்தது. உண்மையில் அது வெளிர் சாம்பல் நிறம். மேலே பொன்மஞ்சள் தீற்றல்கள். இடதுகீழ் மூலையில் கற்களோடு கல்லாக மங்கியிருந்த ஒரு பழைய காலணியும் இப்போது தெரிகிறது. பழைய படத்தை வைத்துக்கொண்டு ‘ஓவியமெங்கும் பழுப்பு மஞ்சள் சோகம்’ என்று எழுதினால், டெலாக்ருவாவை விட்டுவிட்டு வார்னிஷை ஆராய்ந்தவர் ஆவீர்கள். 2024 மே மாதத்துக்குப் பிறகு எடுத்த, பெரிதாக்கினால் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குத் தெளிவான படமாகத் தேடி எடுங்கள்.

அளவையும் உடம்பால் உணர வேண்டும். 260 செ.மீ. என்றால் ஏறக்குறைய எட்டரை அடி. சுவரில் அந்த உயரத்தில் ஒரு குறி போடுங்கள்; அகலத்துக்குப் பத்தடி எட்டங்குலம் அளந்து இன்னொரு குறி. அந்தச் செவ்வகத்தின் முன் நின்று பார்த்தால்தான் உருவங்கள் ஏறத்தாழ ஆள் உயரம் என்பதும், கீழே கிடக்கும் பிணங்கள் பார்ப்பவரின் காலருகே வந்துவிடுகின்றன என்பதும் உறைக்கும். கைபேசித் திரையில் இது தெரியவே தெரியாது.

பத்து நிமிடம், வெறும் பெயர்ச்சொற்கள்

எதையும் படிக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். கண்ணில் படுவதை எழுதுங்கள். ஒரே விதி: ‘வீரம்’, ‘தியாகம்’, ‘எழுச்சி’ போன்ற சொற்கள் வரக்கூடாது. பொருள், உடை, உடல், இடம் மட்டும்.

கவனமாகப் பார்த்தால் பட்டியல் இப்படி வரும். நடுவில் மார்பு திறந்த பெண். தலையில் சிவப்பு ஃபிரிஜியத் தொப்பி (உச்சி முன்பக்கம் மடிந்த துணித் தொப்பி). உயர்த்திய வலக்கையில் மூவர்ணக் கொடி. இடக்கையில் பயனெட் (முனைக் கத்தி) செருகிய ராணுவ மஸ்கெட் (நீளத் துப்பாக்கி). அவளுக்கு அருகே, நம் வலப்பக்கம், கறுப்புத் தொப்பி போட்ட சிறுவன். இரு கைகளிலும் கைத்துப்பாக்கிகள், தோளில் தோட்டாப் பை. நம் இடப்பக்கம் உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர். கையில் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. அவருக்கும் இடப்புறம் வெள்ளைச் சட்டைத் தொழிலாளி, கையில் வாள், இடுப்பில் கைக்குட்டையால் கட்டிய கைத்துப்பாக்கி. இடது ஓரத்தில் கற்களைப் பற்றியபடி இன்னொரு சிறுவன். பெண்ணின் காலடியில் நிமிர்ந்து அவளைப் பார்க்கும், அடிபட்ட ஒருவன். முன்வரிசையில் இடப்புறம் அரைநிர்வாணப் பிணம். வலப்புறம் அரச படையினரின் உடல்கள். பின்னால் இருமுனைத் தொப்பி அணிந்த மாணவர், பாரிஸின் பாலிடெக்னிக் என்ற ராணுவப் பொறியியல் பள்ளியைச் சேர்ந்தவர். வலது தொலைவில் புகைக்கிடையே நோத்ர்தாம் தேவாலயக் கோபுரங்கள். அவற்றின் மேலும் பொடிப்பொடியாக மூன்று வண்ணம்.

இப்போது ஆயுதங்களை மட்டும் தனியாக எழுதிப்பாருங்கள். ஒருவர் கையில் இருப்பதுபோல இன்னொருவர் கையில் இல்லை. வேட்டைத் துப்பாக்கி வீட்டிலிருந்து வந்தது. பயனெட் மஸ்கெட்டும் காலாட்படை வாளும் ராணுவத்துக்கு உரியவை. சிறுவனின் கைத்துப்பாக்கிகள் குதிரைப்படைக்காரர் வைத்திருக்கும் வகை; அந்தக் கைக்கு மீறிய பருமன். இது பயிற்சி பெற்ற படை அன்று, கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்த கூட்டம் என்பதை ‘வீரமிக்க மக்கள்’ என்று எழுதிக் காட்ட முடியாது. துப்பாக்கிகளை எண்ணினால் தானாகத் தெரியும்.

தாளில் வரைந்து பார்த்தல்

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து 13 செ.மீ. உயரம், 16.25 செ.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். இது அசலில் இருபதில் ஒரு பங்கு. தாளில் 1 செ.மீ. என்றால் ஓவியத்தில் 20 செ.மீ. அழகாக வரையத் தேவையில்லை. தலைகளுக்கு வட்டம், உடல்களுக்குக் கோடு, பிணங்களுக்குப் படுக்கைக் கோடு போதும்.

வரைந்ததும் முக்கோணம் எழும்பும். அடிக்கோடு பிணங்கள்; உச்சி கொடியைப் பிடித்த கை. இதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். முக்கோணம் இருப்பதைச் சொல்வது பாதி வேலைதான். அது என்ன செய்கிறது? மறுமலர்ச்சிக்கால மாதா ஓவியங்களில் முக்கோணம் உருவங்களை அசையாமல் நிறுத்த உதவியது. இங்கே அடித்தளமே உருளைக் கற்கள், உடைந்த மரம், செத்த உடல்கள். நிற்க இடமில்லாத இடத்தின் மேல் எழுப்பிய கோபுரம் இது. அமைப்பு நிலையானது, அதன் அடி நிலையற்றது. காட்சி எந்தக் கணமும் நம் மேல் சரிந்துவிடும் என்ற பதற்றம் இதிலிருந்துதான் வருகிறது.

அடுத்து, நகர்வின் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். அதைச் செய்யும்போது இந்த ஓவியத்தின் மிக முக்கியமான சங்கதி பிடிபடும். கூட்டம் இடமிருந்து வலமாக நம்மைக் கடந்து போகவில்லை. நம்மை நோக்கி வருகிறது. தெருவை மறித்துக் கல்லும் மரமும் குவித்து எழுப்பிய தடுப்பரணைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. அப்படியானால் நாம் எங்கே நிற்கிறோம்? தடுப்பரணுக்கு எதிர்ப்பக்கத்தில், அரசனின் படை நின்ற இடத்தில். நம் காலடியில் கிடக்கும் சீருடைப் பிணங்கள் நம் வரிசையைச் சேர்ந்தவை.

‘பார்ப்பவரையும் புரட்சியில் சேர அழைக்கும் ஓவியம்’ என்று எழுதிவிடுவது எளிது, எழுதப்படுவதும் அதிகம். அழைப்பு இருக்கலாம், ஆனால் அது மிரட்டலோடு சேர்ந்து வருகிறது. ஒதுங்கு, அல்லது சேர்ந்துகொள், நடுவில் நிற்காதே. அந்தப் பெண் நம்மைப் பார்ப்பதுகூட இல்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித் தன் பின்னால் வருபவர்களைப் பார்க்கிறாள். நம்மை நேராக நோக்கி வருவது சிறுவனின் துப்பாக்கிகள்தான்.

இதைச் சரிபார்க்க, பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ வரைந்த, கப்பல் விபத்தில் தப்பித் தெப்பத்தில் மிதப்பவர்களைக் காட்டும் ‘மெதூசாவின் தெப்பம்’ ஓவியத்தைப் பக்கத்தில் வையுங்கள். 1819இல் காட்சிக்கு வந்தது. 491 x 716 செ.மீ.; அதில் ஓர் உருவத்துக்கு இளம் டெலாக்ருவாவே மாதிரியாக இருந்தார். அதிலும் முன்னால் பிணங்கள், மேலே அசையும் துணி, நடுவே ஏறிச்செல்லும் மனிதக் குவியல். ஆனால் அங்கே எல்லோரும் நமக்கு முதுகு காட்டித் தொலைவிலுள்ள கப்பலைத் தேடுகிறார்கள். டெலாக்ருவா அந்தக் குவியலை அப்படியே நம் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு வரியில் இந்த ஒப்பீட்டை எழுதினாலே கட்டுரைக்கு எடை கூடும்.

வண்ணத்தைத் தேடும் விதம்

நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்து எங்கெங்கே வருகின்றன என்று சிறு படத்தில் புள்ளி வையுங்கள். கொடி முதல் இடம். கோபுரத்தின் மேலுள்ள குட்டிக் கொடி அடுத்தது. மூன்றாவதைப் பலர் தவறவிடுகிறார்கள்: காலடியில் நிமிர்ந்து பார்ப்பவனின் நீலச் சட்டை, வெள்ளை உள்ளுடை, சிவப்பு இடுப்புத்துணி. மேலே பறக்கும் கொடி கீழே ஓர் ஏழை உடம்பில் மறுபடி விரிகிறது.

1815 முதல் 1830 வரை ஆண்ட பூர்போன் அரசர்களின் கொடி வெள்ளை, மூவர்ணம் விலக்கப்பட்டிருந்தது. ஆகவே 1830 ஜூலையில் அதைத் தூக்கிப் பிடிப்பதே குற்றம். இது தெரிந்த பிறகு அந்தப் புள்ளிகள் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

பிறகு படத்தைக் கைபேசியில் கறுப்பு–வெள்ளையாக்கிப் பாருங்கள். வெளிச்சம் எங்கே குவிகிறது என்று தெளிவாகும். பெண்ணுக்குப் பின்னால் எரியும் புகை ஒன்று; முன்னால் கிடக்கும் பிணத்தின் சட்டையும் தோலும் மற்றொன்று. நம் கண் இவ்விரண்டுக்கும் இடையே மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. வெற்றியும் அதன் விலையும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கின்றன.

அவள் யார்?

இங்கேதான் அதிகம் நிதானிக்க வேண்டும். அவள் ஒரு கருத்தின் உருவம். ஃபிரிஜியத் தொப்பி, ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணிந்த தொப்பியோடு இணைத்துப் பார்க்கப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் சுதந்திரத்தின் சின்னமானது. பக்கவாட்டு முகமும் நழுவிய உடையும் பழங்கால நாணயங்களையும் சிலைகளையும் நினைவூட்டுகின்றன. நாட்டையும் மொழியையும் தாயாக வரைவது நமக்குப் பழகிய வழக்கம் என்பதால், தமிழில் எழுதும்போது இவளையும் ‘தாய்’ ஆக்கிவிடும் ஆபத்து உண்டு. இவள் யாரையும் அரவணைக்கவில்லை. இவளிடம் துப்பாக்கி இருக்கிறது, பிணங்களைத் தாண்டி நடக்கிறாள்.

இனி அருகில் போய்ப் பாருங்கள். உயர்த்திய கையின் அக்குளில் முடி. தோலில் அழுக்கு, புகைக்கரி. தேவதைகளை வரையும் மரபில் இது கிடையாது. 1831இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் விமர்சகர்கள் முகம் சுளித்தது இதற்குத்தான். திறந்த மார்பு அவர்களுக்குப் புதிதில்லை, சிலைகளில் பார்த்துப் பழகியது. தெருவில் ஓடி வியர்த்த பெண்ணாகக் கடவுளை வரைந்ததைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

முன்னால் கிடக்கும் அரைநிர்வாணப் பிணத்தில் இதே வித்தை தலைகீழாக நடக்கிறது. உடலின் கிடப்பு, பழங்காவிய வீரன் மாண்டு கிடப்பதுபோல ஓவியப் பள்ளிகளில் பயிற்சிக்கு வரையும் நிர்வாணம். ஆனால் ஒரு காலில் மட்டும் நீலக் காலுறை. அந்த ஒற்றைக் காலுறை காவியத்தைக் கலைத்துவிடுகிறது. காற்சட்டை எங்கே? படுக்கையிலிருந்து இழுத்துவரப்பட்டவனா, செத்த பிறகு உடையைப் பறிகொடுத்தவனா? ஓவியம் சொல்லவில்லை, நீங்களும் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். அவள் கருத்திலிருந்து தெருவுக்கு இறங்குகிறாள், அவன் தெருவிலிருந்து காவியத்துக்குள் பாதி தூரம் ஏற்றப்படுகிறான். இதை எழுதினால் போதும்.

இந்த ஓவியத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் டெலாக்ருவா வரைந்த ‘மிசொலோங்கியின் இடிபாடுகளின் மேல் கிரேக்கம்’ (1826) இன்னொரு நல்ல துணை; மிசொலோங்கி ஒரு கிரேக்க நகரம். அங்கேயும் ஒரு நாடு பெண்ணாக வருகிறது. ஆனால் மண்டியிட்டு, கைகளை விரித்து, உதவி கேட்டு நிற்கிறது. அங்கே இறைஞ்சும் பெண் இங்கே நடக்கத் தொடங்குகிறாள்.

இப்போது வரலாறு, தேவையான அளவு மட்டும்

1830 ஜூலை 25 அன்று பத்தாம் சார்லஸ் அரசன் ஆணைகளில் கையெழுத்திட்டான். மறுநாள் அவை வெளியாயின. பத்திரிகைச் சுதந்திரம் நிறுத்தம், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை கலைப்பு, வாக்குரிமை மேலும் சுருக்கம். பத்திரிகையாளர்கள் எதிர்த்தார்கள், அச்சகத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 27, 28, 29 மூன்று நாள் சண்டை. ஆகஸ்ட் 2 அன்று அரசன் முடி துறந்தான். ஆகஸ்ட் 9 அன்று லூயி பிலிப் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’ ஆனார்.

ஓவியம் தொடங்கப்பட்டது இதெல்லாம் முடிந்த பிறகு, அந்த இலையுதிர்காலத்தில். டெலாக்ருவா தடுப்பரணில் சண்டையிடவில்லை. நாட்டுக்காகப் போரிடாவிட்டாலும் நாட்டுக்காக வரையவாவது செய்வேன் என்ற பொருளில் அக்டோபரில் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். ஆகவே இதை நேரில் கண்ட சாட்சியின் பதிவாகப் படிக்கக் கூடாது. நோத்ர்தாம் நிற்கும் கோணமும், அதற்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள வீடுகளும் கற்பனை.

வரலாற்றை ஓவியத்தோடு முடிச்சுப் போட எளிய வழி ஒன்று உண்டு: யார் இல்லை என்று கேளுங்கள். லூயி பிலிப் இல்லை. புரட்சியின் முகமாக இருந்த முதிய லாஃபயெத் இல்லை. பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய தலைவர் ஒருவருமில்லை. ஆனால் சண்டை முடிந்ததும் நடந்ததைப் பாருங்கள். வாக்களிக்கக் கட்டியிருக்க வேண்டிய நேரடி வரி 300 பிராங்கிலிருந்து 200 பிராங்காகக் குறைந்தது, அவ்வளவுதான். வாள் ஏந்திய தொழிலாளிக்கு வாக்கு கிடைக்கவில்லை. பெண்ணைச் சுதந்திரத்தின் உருவமாக வரைந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். ஓவியம் வெற்றியைக் கொண்டாடுகிறதா என்ற கேள்விக்கு இந்த இடைவெளியை வைத்துத்தான் விடை எழுத வேண்டும்.

ஓவியத்தின் பிற்கால அலைச்சலையும் சான்றாகப் பயன்படுத்தலாம். அரசு 3,000 பிராங்குக்கு வாங்கியது; சிறிது காலம் லுக்சம்பூர் அருங்காட்சியகத்தில் காட்டியது; பிறகு மறைத்து வைத்து, கடைசியில் ஓவியரிடமே திருப்பிக் கொடுத்தது. லூவருக்கு வந்தது 1874இல், அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. தடுப்பரணால் அரியணை ஏறிய அரசுக்கே தடுப்பரண் படம் சுவரில் தொங்குவது பொறுக்கவில்லை. ‘ஆபத்தான ஓவியம்’ என்று நீங்கள் அடித்துச் சொல்லத் தேவையில்லை, இந்தத் தகவலே சொல்லும்.

வழக்கமாக வழுக்கும் இடங்கள்

1789 பிரெஞ்சுப் புரட்சி என்று எழுதுவது முதல் தவறு. தொப்பியும் மூவர்ணமும் அங்கிருந்து வந்தவை என்பதால் குழப்பம்; காட்சி 1830உடையது. பாரிஸில் 1832 ஜூனில் நடந்த கிளர்ச்சியோடும் குழப்பக் கூடாது. அதற்குள் ஓவியம் வரைந்து காட்சிக்கும் வைத்தாகிவிட்டது. உயரத் தொப்பிக்காரர் டெலாக்ருவாவின் சுய உருவம் என்ற கதை நெடுநாளாக உலவுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. சாமோத்ராக்கியாவின் வெற்றிச் சிலையை (சிறகுள்ள பழங்கிரேக்க வெற்றித் தேவதை) பார்த்து வரைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சிலை மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதே 1863இல். மிலோவின் வீனஸ் என்ற பழங்கிரேக்கச் சிலை என்றால் பொருத்தமுண்டு. அது 1821 முதல் லூவரில் இருக்கிறது. எந்த ஒப்பீட்டையும் எழுதும் முன் இரண்டு பொருள்களின் ஆண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

எழுதும்போது

அறுநூறு சொல் கட்டுரை என்றால் அடையாளத்துக்கும் வரலாற்றுக்கும் சேர்த்து நூறு சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். அமைப்புக்கும் பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கும் இருநூறு, பெண்ணுக்கும் பிணத்துக்கும் நூற்றைம்பது, வண்ணத்துக்கு எழுபத்தைந்து, மிச்சம் யார் இல்லை என்பதற்கும் ஓவியம் மறைக்கப்பட்ட கதைக்கும்.

ஒவ்வொரு பத்தியும் கண்ணால் காணக்கூடிய ஒன்றில் தொடங்கட்டும். ‘டெலாக்ருவா வண்ணங்களின் மூலம் தேசப்பற்றை வெளிப்படுத்துகிறார்’ என்பது எந்தப் படத்துக்கும் ஒட்டும் வாக்கியம். ‘கொடியின் மூன்று வண்ணமும் காலடியில் கிடப்பவனின் கிழிந்த உடையில் மறுபடி வருகின்றன, அரசன் தடைசெய்த கொடியை அவன் உடம்பிலேயே அணிந்திருக்கிறான்’ என்பது இந்த ஒரு படத்துக்கு மட்டும் பொருந்தும். எழுதிய வாக்கியத்தை வேறொரு புரட்சி ஓவியத்துக்கு மாற்றிப் பொருத்திப் பாருங்கள். பொருந்திவிட்டால் அடித்துவிடுங்கள்.

முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, அடுத்ததாக ஸ்பெயின் ஓவியர் கோயாவின் ‘1808 மே 3’ ஓவியத்தை எடுங்கள். 1814இல் வரைந்தது, 268 x 347 செ.மீ., மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய இதே அளவு. ஏ4 தாளில் 13.4 x 17.35 செ.மீ. செவ்வகம் போட்டு அதே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அங்கே வெளிச்சம் தரையில் வைத்த ஒரு விளக்கிலிருந்து வருகிறது. துப்பாக்கி பிடித்தவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரன் கைகளை விரித்து நிற்கிறான். அவன் வலது உள்ளங்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அதே கேள்வி: அங்கே நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?